சுற்றுவழி

ஃபோனில் குரல் தெளிவாகக் கேட்கும்வரை எங்களைப் போன்றவர்களை யாரும் நினைப்பதில்லை, ஐயா. விட்டுவிட்டுக் கேட்டால்தான் திட்டுவதற்காவது ஞாபகம் வரும். இணைய நிறுவனத்தில் என் வேலை, குரல் போகும் வழிகளைக் கவனிப்பது. எந்த வழியில் நெரிசல் என்று கருவிகளே அளந்துகொண்டிருக்கும். அழைப்பை நல்ல வழிக்கு மாற்றிவிடும். கையில் வரும் அளவை அவை அப்படியே நம்பும். அதை நான் எழுதிக் கொடுத்தாலும் நம்பும்.

என் மனைவிக்கு அவளுடைய அக்கா என்றால் உயிர். சாயங்காலம் ஃபோனை எடுத்தால் அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கும்வரை பேச்சுதான். ஒருநாள் ஸ்பீக்கரில் அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. "எங்க போன, யார்கிட்ட பேசினன்னு கணக்குக் கேக்குற ஆளோட எத்தனை நாள்டி இருப்ப? இங்க வந்துடு." மறுநாள் மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நான் அவளை அடிக்கவில்லை, ஃபோனைப் பிடுங்கவில்லை. அவர்கள் இருவரின் எண்களுக்கு இடையே மட்டும், நல்ல வழிகளிலெல்லாம் நெரிசல் என்று கருவிக்குச் சொல்லிவைத்தேன். குரல் சுற்றிக்கொண்டு போனது. ஒன்றரை நொடி தாமதம், அவ்வளவுதான்.

தங்கை முடிக்கும் முன் அக்கா ஆரம்பித்தாள். தங்கை சிரித்த சிரிப்பு, அக்கா அழுகிற இடத்தில் போய் விழுந்தது. "நான் சொல்றத நீ காதுலயே வாங்கறதில்ல." "நீதான்க்கா இப்பல்லாம் யோசிச்சு யோசிச்சுப் பேசுற." ஒரு மாதத்தில் பேச்சு நின்றது. பெட்டி மறுபடி பரண் ஏறியது. "அக்காவுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். சத்தியமாக, அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு என்னிடமும் அவள் அப்படித்தான் ஆனாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வரும். எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அவள் இறந்த அன்று மதியம் அலுவலகத் திரையில் அவள் எண்ணைப் பார்த்தேன். எத்தனையோ வாரம் கழித்து அக்காவை அழைத்துக்கொண்டிருந்தாள். சமாதானம் ஆகிவிடுவார்களோ என்று பயந்து, வழியை இன்னும் நீட்டினேன். நான்கு நொடி.

நெஞ்சுவலியில்தான் அழைத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளைக் கிடத்தியிருந்த கூடத்தில் அக்கா தலையில் அடித்துக்கொண்டபோதுதான் புரிந்தது. "ஹலோ ஹலோன்னு கத்தினேன் தம்பி. பேசவே இல்ல. வீம்புக்குக் கூப்பிட்டிருக்கான்னு வெச்சுட்டேன்."

இப்போதும் வீட்டுக்குள் நுழைந்ததும் அவளை ஏதாவது கேட்கிறேன். பதில் வராது என்று தெரியும். ஆனால் நாலு எண்ணும்வரை அந்த இடத்தைவிட்டு நகர முடிவதில்லை. ஐந்தாவதை எண்ணப் பயமாக இருக்கிறது.

அவள் குரலை நான் தடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. என் வேலையில் அப்படி ஒரு குறை வந்ததில்லை. அவள் பேசியதில் ஒரு சொல்கூட வழியில் தொலையவில்லை. அக்கா ஃபோனை வைத்த பிறகு, எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.