செவ்வந்தியின் கஞ்சி

அண்ணி, செவ்வந்தியின் கஞ்சியில் வெல்லம் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். குறைந்தால் முதல் வாயிலேயே முகம் சுளிப்பாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவில் நான் மடித்து வைத்த சத்துமாவுப் பொட்டலங்கள் இருக்கின்றன. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று கிளம்பும்போது சொன்னேன். "மாவுக்குப் போயி இம்மாங் கண்டிசனா, கொழுந்தனாரே?" என்று சிரித்தீர்கள். மணலூர்பேட்டையிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து அன்றைக்கு இரண்டாம் நாள். வந்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

இங்கே திருப்பூரில் சாப்பாட்டு நேரம் அரை மணி. கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அண்ணனுக்குக் காட்ட வேண்டாம். படித்ததும் அழித்துவிடுங்கள். செவ்வந்தி பாட்டுக் கேட்க உங்கள் போனை எடுப்பாள், கவனம்.

அந்தப் பொட்டலங்களில் மாவோடு வலிப்பு மாத்திரையும் பொடித்துக் கலந்திருக்கிறது.

என் தங்கைக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை போட்டால் வராது, விட்டால் வரும். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் மாத்திரை போடுகிற பெண் என்று தெரிந்ததால் கல்யாண வீட்டில் அவள் கையில் யாரும் பரிமாறக் கரண்டி கொடுத்ததில்லை. போன வருடம் உபவாச ஜெபத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தவள், ஆண்டவர் தொட்டுவிட்டார் என்று சொல்லி மாத்திரைகளை எல்லாம் கோமுகி வாய்க்காலில் கொட்டினாள். பதினோராம் நாள் அடுப்பின் மேல் விழுந்தாள். அவள் இடது கையில் நீங்கள் பார்க்கும் தழும்பு அதுதான். அதற்குப் பிறகும் மாத்திரையைத் தொடவில்லை. "விசுவாசத்துக்குச் சோதனை வந்துகீது, அவ்ளோதான்" என்றாள்.

நான் அப்போது கச்சிராயபாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலையில் இருந்தேன். யோசித்தேன். புத்தி மாத்திரை கொடு என்கிறது. இரக்கம் அவள் நம்பிக்கையைப் பிடுங்காதே என்கிறது. இரண்டையும் ஆண்டவர்தான் கொடுத்தார். ஒன்றைக் கொன்று இன்னொன்றை வாழவைக்க நான் யார்? அந்த வாரமே பொடிக்க ஆரம்பித்தேன்.

"இன்னாண்ணா, வெல்லத்த அப்பிடியே கவுத்துட்டியா? எனக்கு முன்னாடி எறும்பு குடிச்சிட்டுப் போவப்போவுது" என்று கிண்டல் செய்தபடி குடித்தாள். எட்டு மாதம் ஒரு வலிப்பும் வரவில்லை. கல்யாணங்களில் பந்தி பரிமாறினாள். அவள் சிரிப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். அதற்கு முன் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு சபையில் சாட்சி சொல்ல எழுந்தாள். எங்கள் சபையில் சுகமானேன் என்று யார் சொன்னாலும் வீட்டு ஆள் ஒருவர் கூட நின்று ஆமோதிக்க வேண்டும். போதகர் அறிவுச்செல்வன் வைத்திருக்கும் முறை அது. பொய்ச் சாட்சி வரக் கூடாது என்பதற்காக. அன்றும் கேட்டார்.

"ஏம்மா, டாக்டராண்ட கேட்டியா? ஆண்டவரு புத்தியும் குடுத்துகிறாரும்மா, அத்த வூட்டுல வச்சிட்டு வரச் சொல்லல. கூட யாரு நிக்கறது?"

நான் எழுந்து நின்றேன். எட்டு மாதமாக அவள் மாத்திரையைக் கையால் தொடவில்லை என்றேன். மருந்துக் கடைக்காரனே சொல்கிறான் என்று சபை முழுக்கக் கை தட்டியது. போதகரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த நாள் கல்வராயன் மலையிலிருந்து கமலா அக்கா ஜீப்பில் இறங்கிக் கடைக்கு வந்தார். அவருடைய மகள் தனுஷாவுக்கு ஏழு வயது. அவளுக்கும் இதே வலிப்பு, இதே மாத்திரை. மாதாமாதம் நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

"தம்பி, நீ மருந்து தெரிஞ்சவன். மெய்யாலுமே உந்தங்கச்சி ஒண்ணும் சாப்புடறதில்லயா? நான் நிறுத்திடலாமான்னு பாக்கறேன். புள்ள மாத்திரைய பாத்தாலே அழுவுது."

பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் மூக்கை வைத்து உள்ளே இருந்த இருமல் மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் செவ்வந்தி காதுக்கு வந்திருக்கும். கஞ்சியைத் தள்ளிவைத்திருப்பாள். மறுபடி அடுப்பில் விழுந்திருப்பாள். இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் யோசித்தேன்.

"அவ மாத்திரைய கண்ணால பாத்தே எட்டு மாசம் ஆவுதுங்கக்கா" என்றேன். பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு கமலா அக்கா மிச்சமிருந்த மூன்று மாத்திரை அட்டைகளைக் காணிக்கை மாதிரி சபை மேடையில் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் தனுஷாவுக்கு வலிப்பு வந்தது, நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப் மலையிறங்கி அணைக்கட்டுக்கு வரும்போதே முடிந்துவிட்டது.

அடக்கத்தில் நானும் நின்றேன். கமலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "செவ்வந்திக்கு இருந்த விசுவாசம் எனக்கு இல்ல தம்பி. அதான் எம்புள்ள போயிடுச்சி" என்றார். மறுத்திருக்கலாம். மறுத்தால் அவருக்கு நம்பிக்கையும் போய்விடும். பிள்ளையும் போய் நம்பிக்கையும் போனால் அந்த அம்மா எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வார்? ஆமாம் அக்கா, ஜெபம் பண்ணுங்கள் என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன். அதுவும் இரக்கம்தான்.

பயந்து திருப்பூருக்கு ஓடி வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கமலா அக்கா வாராவாரம் நம் வீட்டுக்கு வந்து செவ்வந்தியோடு ஜெபம் பண்ணுவதற்கும் நான் கிளம்பியதற்கும் சம்பந்தம் இல்லை. யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நாளைக்கு அந்தக் கடையில் அதே கேள்வி வந்தால் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆண்டவரே கேட்டாலும், என் இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்வீர் என்று திருப்பிக் கேட்பேன்.

வருகிற ஞாயிறு தியாகதுருகத்தில் பெரிய கூட்டம். செவ்வந்தி சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறாள். நான் இல்லாததால் கூட நிற்க உங்களைத்தான் கூப்பிடுவாள். நில்லுங்கள். அவள் மாத்திரையைத் தொட்டு நீங்கள் பார்த்ததில்லை, அதை மட்டும் சொல்லுங்கள். யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தனியாகக் கேட்டால், அப்போதும் அதையே.

மணி அடிக்கப் போகிறார்கள். டப்பாவில் வெள்ளைத் தாள் பொட்டலங்கள் இன்றோடு தீரும். அடியில் நீலத் தாளில் பதினைந்து இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கான அளவு என்பதால் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பொடித்தேன். தனுஷாவுடையவை. கமலா அக்கா மேடையில் வைத்த அன்றே எடுத்து வந்துவிட்டேன். ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய பொருளை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை, அண்ணி.