ஏச்சு கேட்டவர்

சொல்லிவிட்டால் என்ன என்று நோரா ஆறு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு வாக்கியம். சாகும்போது வேதமாணிக்கம் கூப்பிட்டது இயேசுவை இல்லை. பாளையங்கோட்டைக்காரருக்கு 'ஏசு' என்றால் திட்டு என்று அர்த்தம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி நோராவைப் பார்த்து, 'ஏசு, ஏசு' என்றார். பெங்களூர் பிரேசர் டவுனில் யாருக்கும் அந்தச் சொல் பழக்கமில்லாமல் போனதுதான் வந்த வினை. இப்போது அண்ணன் ஓஸ்வால்ட் மேஜைமேல் கல்லறை வாசகம் எழுதிய காகிதத்தை விரித்து உரக்க வாசிக்கிறார். பக்கத்து வீட்டு நர்ஸ் டோரதி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

— 'தா. வேதமாணிக்கம். தமது கடைசி மூச்சில் இயேசுவை அழைத்து இளைப்பாறினார்.' எப்படி இருக்கு நோரா? பாயிண்டுக்கு வா. கல் வெட்டுற அப்பாதுரை வாசல்ல காத்துகிட்டிருக்காரு. சம்சாரம் கையெழுத்து இல்லாம கல் வைக்கக் கூடாதுன்னு சபை ரூல். நீ போட்டா இன்னைக்கே உளியை எடுத்துடுவாரு.

— எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்குண்ணா. உங்க எழுத்தா?

— பின்ன? கல்லறைக் கமிட்டிக்கு செக்ரெட்டரின்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?

— ஸ்தோத்திரம்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது ஓஸ்வால்ட் சார். இன்னொரு தரம் வாசிங்க.

— மூணு தரம் வாசிச்சாச்சு டோரதி சிஸ்டர். தொண்டை கட்டிக்கும்.

— நான் கேட்டதாச்சே! நான்தானே அன்னைக்கு வார்டுல டியூட்டி. டெம்பரேச்சர் பாக்கலாம்னு ஸ்க்ரீனை விலக்குறேன், மனுஷர் 'ஏசு, ஏசு'ங்கறாரு. ரெண்டு தரம்! தெர்மாமீட்டரைக் கீழ போட்டு ஒடைச்சேன். மேட்ரன்கிட்ட செம்மையா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுகூட அன்னைக்கு இனிச்சுது.

— ஒடைஞ்சது எனக்கும் ஞாபகம் இருக்கு அக்கா. கட்டிலுக்கடியில எல்லாம் பாதரசம் ஓடிச்சு.

— அய்யோ தேவரே, அதை விடு! எப்பேர்ப்பட்ட மனுஷர் மாறினாரு பாரு. இருபது வருஷமா சர்ச் கேட்டு வரைக்கும் வந்துட்டு, எதுத்தாப்புல மரத்தடியில உக்காந்து கடலைக்காய் தின்னவரு!

— பன்னெண்டு வருஷம். என் பைபிளையும் அவர்தான் தூக்கிகிட்டு வருவார். கேட்டுல என் கையில குடுத்துட்டு, 'போயிட்டு வா'ம்பார். நான் வெளிய வந்ததும், 'இன்னைக்கு நரகத்துல எத்தனை பேரு எரிஞ்சாவ?'ன்னு கேப்பார்.

— என்கிட்டயும் ஒருநாள் கேட்டாரு. போதகர் ஐயா என் தோள்ல கை போட்டுகிட்டு நிக்கும்போது! நானும் ஏதோ ஞாபகத்துல 'ஒரு லாரி இருக்கும் மச்சான்'னு சொல்லித் தொலைச்சேன்.

— ஹௌதா, அப்படியா சார்? போதகர் என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லலை. ரெண்டு மாசம் எனக்கு வேதபாடம் வாசிக்கக் குடுக்கலை. அவ்வளவுதான்.

— அவர் கேட்டது வெறும் கிண்டல் இல்லண்ணா. தலைக்கு மேல நரகம்ங்கற கம்பை ஓங்கிகிட்டு, 'உன் இஷ்டப்படி செய்'னு சொன்னா அது என்ன இஷ்டம்னு கேட்டார். நீங்க இதே நாற்காலியில உக்காந்து பதில் சொன்னீங்க.

— சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன். கிணத்துப் பக்கத்துல போர்டு வைக்கிறவன் யாரையும் உள்ள தள்ளலை. விழுந்தா செத்துப்போவேன்னு சொல்றது மிரட்டல் இல்ல, தகவல். க்ளியரா ஒரு தகவல்.

— அதுக்கு அவர் என்ன சொன்னார்?

— அது எதுக்கு இப்போ?

— சொல்லுங்க சார், நான் கேட்டதில்லை.

— 'கிணத்தை வெட்டுனது யாரு மச்சான்'னாரு. அன்னைக்கு உன் கையால வெச்ச மீன் குழம்பு எனக்கு எறங்கலை நோரா.

— ரெண்டு தரம் வாங்கிப் போட்டுகிட்டீங்களே!

— போட்டுகிட்டேன். எறங்கலைன்னுதான் சொன்னேன். பாயிண்டுக்கு வா. தேவன் மனுஷனுக்குச் சுயாதீனம் குடுத்திருக்காரு. யாரையும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாரு. வர்றதும் வராததும் நம்ம முடிவு. கடைசி நிமிஷத்துல மச்சான் தானா முடிவு பண்ணினாரு. இதைவிட என்ன வேணும்?

— கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாரு.

— மாட்டவே மாட்டாரு.

— அப்போ நாம மட்டும் இழுக்கலாமா?

— என்னது?

— ஒண்ணுமில்லண்ணா. காபி ஆறுது, குடிங்க.

— இவ இப்படித்தான் சார், ஆறு வாரமா ஒரு மாதிரியாவே இருக்கா. துக்கம்தானே. ஞாயித்துக்கிழமை சாட்சி சொன்னா எல்லாம் சரியாயிடும். நோரா, அந்த வெள்ளைப் பொடவையைக் கட்டிக்கோ. போதகர் ஐயா பிரசங்கத்துக்குத் தலைப்பே வெச்சுட்டாரு, 'கடைசி நிமிஷம்'னு. முதல்ல நான் தெர்மாமீட்டர் வரைக்கும் சொல்றேன். அப்புறம் நீ எழுந்து சொல்லணும்.

— நான் என்ன சொல்லணும்?

— கேட்டதைச் சொல்லு! வேறென்ன?

— சிஸ்டர் சொல்றது சரி. நீ ஒண்ணு நெனைச்சுப் பாரு நோரா. சபை ரெஜிஸ்டர்ல தன் பேரை அடிச்சுடுங்கன்னு கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுத்த மனுஷர் அவரு. கமிட்டில ஏழு பேரு. அஞ்சு பேரு 'நம்ம கல்லறைத் தோட்டத்துல எடம் கிடையாது'ன்னுட்டாங்க. சிஸ்டர் வந்து தான் கேட்டதைச் சொன்ன பிறகுதான் எடம் கிடைச்சுது. அந்த ஒரு வார்த்தையிலதான் அவரு அங்க படுத்திருக்காரு. அதைக் கல்லுல வெட்டிட்டோம்னா இனிமே ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது.

— வெட்டலைன்னா?

— ஏன் வெட்டலைன்னு கேப்பாங்க. உன்கிட்டதான் வந்து கேப்பாங்க.

— டோரதிக்கா, உங்க வீட்ல நீங்க ஏதாவது தப்பு பண்ணினா உங்கம்மா என்ன பண்ணுவாங்க?

— இதென்ன கேள்வி? திட்டுவாங்க. எங்க மாமியார் கன்னடத்துலயே பேசறவங்க, திட்டறதை அவங்க 'பைத்தாரெ'ம்பாங்க. எதுக்குக் கேக்கறே?

— பாளையங்கோட்டையில ஏசுவாங்க.

— ஏசுவாங்களா? எதுக்கெடுத்தாலும் ஏசு ஏசுன்னு அவர் பேரையா சொல்லுவாங்க? ஆசீர்வாதமான ஊரு!

— இல்லக்கா, அங்க ஏசுறதுன்னா—

— டோரதி சிஸ்டர்! வாசல்ல இருக்கற அப்பாதுரைக்குக் காபி குடுத்தோமா? பாவம், வெயில்ல வந்தாரு. நீங்க கொஞ்சம் போய்க் கலந்து குடுத்துடுங்களேன். நிதானமா குடுத்துட்டு வாங்க.

— அதுக்கென்ன சார். ஏசுவாங்களாம்! போதகர் ஐயாகிட்ட இந்த ஊரைப் பத்திச் சொல்லணும். நோரா, சக்கரை டப்பா அதே எடத்துலதானே?

— அதே எடம்தான் அக்கா.

— அக்கா போயாச்சு. எதுக்கண்ணா அவங்களை அனுப்பினீங்க?

— காபிக்கு.

— அப்பாதுரைக்கு அவர் வந்ததுமே நான் குடுத்தேன். நீங்க பாத்துகிட்டுதான் இருந்தீங்க.

— நோரா, சில விஷயத்தைத் தோண்டக் கூடாது.

— உங்களுக்குத் தெரியுமா?

— எது?

— அண்ணா, என் மூஞ்சியைப் பாருங்க.

— பன்னெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த வீட்லதான் சாப்பிட்டிருக்கேன். தட்டுல சோத்தை மிச்சம் வெச்சுட்டு, உன்னைப் பாத்து, 'ஏசு, ஏசு, நல்லா ஏசு'ன்னு அவரு வம்புக்கு இழுக்கறதை நான் கேக்கலையா? எனக்குக் காது இல்லையா?

— கல்யாணமான புதுசுல நானே ஏமாந்தேன். 'எதுக்கு ஏசுத?'ன்னு கேட்டார். நான் ரொம்ப பக்தியான மனுஷர்னு நெனைச்சு, முழங்கால் போட்டு நன்றி சொன்னேன்.

— எனக்கு லெட்டர் எழுதினியே! 'மாப்பிள்ளை வாயைத் திறந்தா ஆண்டவர் பேர்தான் அண்ணா'ன்னு.

— சிரிக்காதீங்க. எப்போ புரிஞ்சுது உங்களுக்கு?

— சிஸ்டர் கமிட்டி முன்னால நின்னு சொல்லும்போதே. தலைவர் என் பக்கம் திரும்பி, 'செக்ரெட்டரி, இதுல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் உண்டா?'ன்னாரு. இல்லைன்னேன்.

— பொய்யா? நீங்களா?

— பைபிள் மேஜைமேல இருந்துச்சு. அதைப் பாத்துகிட்டேதான் சொன்னேன்.

— பொய் சொல்றவங்க எங்க போவாங்கன்னு சண்டே ஸ்கூல்ல எனக்குப் படம் போட்டுக் காட்டினது நீங்கதான். நெருப்புக்குச் சிவப்பு சாக்கட்டி வேணும்னு அழுதது நான்.

— எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னேன். யாரும் என்னைத் தள்ளலை. போர்டைப் படிச்சேன், கிணத்தைப் பாத்தேன், எறங்கிட்டேன். மச்சானைக் கொண்டுபோய் ஊருக்கு வெளிய கல் குவாரிப் பக்கம் போட எனக்கு மனசு வரலை நோரா. அவரோட வாதாடி நான் ஒரு தரம்கூட ஜெயிச்சதில்லை. அதுக்காக அங்க போய்ப் போட முடியுமா?

— அழறீங்களா?

— மூக்கடைப்பு. பாயிண்டுக்கு வா.

— மூணு நாளா நான் அவரை ஏசவே இல்லண்ணா. அதான் விஷயம். கஞ்சியைத் துப்பினார், ஏசலை. டாக்டரை முகத்துக்கு நேரா 'குதிரை வைத்தியர்'னு கூப்பிட்டார், ஏசலை. போர்வையை உதறி எறிஞ்சார், எடுத்துப் போத்திவிட்டேன். சாகப்போறவரை எப்படி ஏசறது? அவருக்கு அது பிடிக்கலை. யாரோ ஊர் பேர் தெரியாத பொம்பளை பக்கத்துல உக்காந்திருக்கான்னு தோணியிருக்கும். அதான் கேட்டார், ரெண்டு தரம். அப்பவும் ஏசலை. அழுதேன். அதுக்குள்ள தெர்மாமீட்டர் விழுந்து, ஸ்தோத்திரம் சொல்லி, எல்லாரும் கூடிட்டாங்க.

— சரி. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கல்லுக்கு எதுக்குத் தெரியணும்?

— நானும் ஆறு வாரமா அப்படித்தான் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததும் என் இஷ்டம்தானே? ஆளாளுக்கு என் கையைப் பிடிச்சுகிட்டு, 'நீ பாக்கியவதி'ன்னாங்க. நல்லாத்தான் இருந்துச்சுண்ணா. நரகம் உண்டுன்னு நம்பறவ நான். இந்தப் பன்னெண்டு வருஷத்துல அவரால அதை என்கிட்ட இருந்து பிடுங்க முடியலை. அவர் அங்க இல்லைன்னு சபையே சொல்லும்போது, இல்லை இருக்கார்னு சொல்ல எனக்கு நாக்கு வருமா?

— யாரு சொல்லச் சொன்னா? யாரு கண்டா நோரா, உன்னைக் கூப்பிட்டதுல ஆண்டவரையும் சேத்துக் கூப்பிட்டாரோ என்னவோ. ஆண்டவர் அவ்வளவு இலக்கணம் பாக்கறவரா?

— பாக்க மாட்டார். அந்த நம்பிக்கையிலதான் தினமும் அவருக்காக ஜெபம் பண்றேன்.

— செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணக் கூடாது. நம்ம சபையில அந்த வழக்கம் இல்லை.

— கமிட்டில பொய் சொல்ற வழக்கம் இருக்கா?

— சரி சரி, பண்ணு. மெதுவாப் பண்ணு, டோரதி சிஸ்டர் காதுல விழாம.

— என்ன சொல்லிக் கேக்கறேன் தெரியுமா? 'ஆண்டவரே, இந்த மனுஷர் உம்மை வேண்டாம்னார். ஒளிஞ்சு மறைஞ்சு இல்லை, லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வேண்டாம்னார். ஆனா வாராவாரம் என் பைபிளைத் தூக்கிட்டு வந்தார். இவரை என்ன பண்ணலாம்னு நீரே பாரும்.' அவ்வளவுதான் கேக்கறேன். சும்மா அவரை அழகு பண்ணிக் காட்டலை.

— நீ உள்ளபடியே கேளு. கல்லு வேற, ஜெபம் வேற. இந்தா பேனா. என் பொய்க்கு நான் பதில் சொல்லிக்கறேன், அதுல உனக்குப் பங்கு இல்லை. ஞாயித்துக்கிழமை நீ எழுந்து பேசக்கூட வேண்டாம், காய்ச்சல்னு நான் சொல்லிடறேன். ஒரே ஒரு கையெழுத்து. மச்சானுக்காக.

— போடலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?

— செக்ரெட்டரி வேலை போகும். போகட்டும். மச்சானைத் தோண்டி எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் எடுப்பாங்க, அந்த அஞ்சு பேரை நீ பாத்ததில்லை. நோரா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

— பேரும் ரெண்டு தேதியும் போதும்னு அப்பாதுரைகிட்ட சொல்லிடுங்கண்ணா. அதுக்கு எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடறேன்.

— நான் கேட்டது அது இல்லையே.

— தெரியும். பேனாவை மூடுங்க. நீங்க எழுதியிருக்கற மனுஷர் ரொம்ப நல்லவர்தான்; ஆனா அவரோட நான் ஒருநாள்கூடக் குடித்தனம் பண்ணினதில்லை.