திருப்பிச் சொல்லாத இருநூறு மெகாவாட்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ஆராவமுதன் அவர்களே, தொம்மலூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும் ஸ்வர்ணா அம்மையாரின் மகள் பாமா அவர்களே, ஓசூருக்கு அப்பாலிருந்து மாநில எல்லை தாண்டி வந்திருக்கும் இந்தப் பாலகுமாரின் பணிவான வணக்கம்.

பத்தொன்பது ஆண்டுகள் ஸ்வர்ணா அம்மையாரின் குரலைக் கேட்டேன். முகத்தை இன்றுதான் பார்க்கிறேன், மாலை போட்ட படத்தில். தென்மாநிலங்களுக்கு மின்சாரம் பங்கிடும் அறையில் அவர் இங்கே. எங்கள் மாநிலத்து அறையில் நான் அங்கே. நடுவில் ஒரு தொலைபேசி.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட உத்தரவை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் பெயர், கேட்டவர் பெயர் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகே சுவிட்சைத் தொடலாம். ஆயிரம் முறை திருப்பிச் சொன்னவன் நான். ஒரே ஒரு முறை சொல்லவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாலை. வடக்கிலிருந்து வரும் இரண்டு பெரிய மின்பாதைகளில் ஒன்று நின்றுபோனது. மற்றது பாரம் தாங்காமல் திணறியது. அதுவும் போனால் தெற்கே விளக்கேது, விசிறியேது, வெளிச்சமேது?

"பாலகுமார் சார், இருநூறு மெகாவாட் குறைங்க" என்றார்.

"நாளைக்கு பிளஸ் டூ பரீட்சைம்மா. பசங்க படிக்கிறாங்க, பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

"உங்க பிளஸ் டூ மாதிரி இங்க பியூசி பசங்களும் படிக்கிறாங்க சார்."

அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலில்லை, குரல் உயரவில்லை. அந்த இருநூறை இங்கே குறைக்கச் சொல்லி, எங்களுக்கு வர வேண்டிய இருட்டை இந்த ஊருக்கு வாங்கிக்கொண்டார்.

என்ன சொல்கிறீர்கள் ஐயா? "எம்பொண்ணு அன்னைக்கு கேண்டல் வெச்சுதான் படிச்சா சார்" என்கிறீர்களா? ஆமாம் ஐயா. அது என்னால்தான். அவளிடம் சொல்லுங்கள்.

மறுநாளே மூன்றாவது பாதை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுத ஆரம்பித்தார். வரைந்தார், வழி மாற்றினார், மறுபடி வரைந்தார். யாருக்காக? உங்களுக்காக மட்டுமா? என் ஊருக்காகவும்தான். ஒரு கடிதத்திலாவது என்னைக் குறை சொன்னாரா? இல்லை. அந்தப் பாதையில் சென்ற வாரம் மின்சாரம் பாய்ந்தது. அவர் கண்மூடிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அடுத்த ஷிப்டில் மன்னிப்புக் கேட்கலாம், அதற்கடுத்த ஷிப்டில் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளியே ஓய்வும் பெற்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இனி எந்த எண்ணில் கூப்பிடுவேன்? கேட்கிறதா அம்மா?

இருநூறு மெகாவாட் குறைக்கிறேன். சொன்னவர் ஸ்வர்ணா. கேட்டவர் பாலகுமார்.

பேச இடம் தந்த தலைவருக்கும், அன்றைய இருட்டைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் என் நன்றி, வணக்கம்.