வாத்தியார் சொன்ன பின்பக்கம்

பூவரசங்குளத்து அரிசி ஆலையில் வேலை நின்றுவிட்டது. நெளுக்குளம் தாண்டி நடந்தே வவுனியாவுக்கு வந்து வேலை தேடி முல்லைத்தீவு பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு பெண், பக்கத்தில் இருந்த வாத்தியாரிடம் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றை நீட்டினாள்.

"சேர், என்ரை மனுசனுக்கு என்ன எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. டொக்டரிட்டைக் கேக்கப் பயமாக் கிடக்கு."

"போஸ்டீரியர் எண்டால் பின்பக்கம், தங்கச்சி. டோர்சல் எண்டாலும் முதுகுப்பக்கம்தான்."

"அதுதான் வார்ட்டிலை நாரி நோகுது, முதுகை நிமித்தேலாது எண்டு கத்துறார். கீழை கோடு போட்டிருக்கே, அது?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டெர்மினல். அதுவும் பின்பக்கம்தான்."

"வெள்ளைக்காரனுக்குப் பின்பக்கத்திலை என்ன இவ்வளவு அக்கறை?" என்று அவள் சிரித்தாள். "அப்ப விதைக்கலாம், சேர். இந்த முறை வயலைத் தரிசாய் விடுவமோ எண்டு யோசிச்சனான். அரிவி வெட்டுக்கு ஆள் எழும்பிடுவார் என்ன?"

"ஓம், ஓம்."

"வரம்பு கட்டத்தான் ஆள் இல்லை."

முள்ளியவளை நெருங்க அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். வாத்தியார் பக்கத்தில் நின்ற கொண்டக்டரிடம் மெல்லச் சொன்னார்.

"கடைசிக் கட்டம் எண்டு எழுதிக் கிடக்கு. மனுசன் தப்பமாட்டான். அதை நான் எப்பிடி அவவுக்குச் சொல்லுறது?"

"அதுக்காக விதைக்கச் சொல்லிப்போட்டியளே, சேர்."



நானும் அங்கேயே இறங்கினேன். அடுத்த நாள் காலை அவளுடைய வயலில் வரம்பு கட்டும் வேலைக்குப் போனேன்.