பதினான்கு நாள் மூடிய ஜன்னல்கள்

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே மனிதர் குடியிருக்கும் வீடுகளிலேயே மிகச் சுத்தமான காற்று எங்கள் வீட்டில்தான் இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அளந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"எல்லாத்தையும் முதல்லேருந்து எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள், ஆய்வாளர் அவர்களே. கேட்டபோது உங்கள் அறை ஜன்னல் பாதி திறந்திருந்தது, அதற்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம்.  சட்டம் படித்தவர்களே இப்படி இருந்தால் மற்றவர்களை என்ன சொல்ல.

ஸ்டுட்கார்ட் நகரம் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் வண்டிப் புகையும் விறகுப் புகையும் அதற்குள் சூப் மாதிரி தேங்கி நிற்கும். அந்த சூப்பைத்தான் என் ஊர்க்காரர்கள் தினம் காலையில் ஜன்னலை விரியத் திறந்து, மைனஸ் எட்டு டிகிரியில், பைஜாமாவோடு நின்று வீட்டுக்குள் வரவேற்கிறார்கள். ஐந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. வாடகை ஒப்பந்தத்திலேயே இதை ஒரு கடமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "காத்து மாறணும்ல" என்பார்கள். எந்தக் காற்று போய் எந்தக் காற்று வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

என் பெயர் கோட்லோப் எபர்லே. இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தினேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தளம், இரண்டு உரிமையாளர்கள். மேலே நான். கீழே ரோஸ்வித்தா ஹேஃபெலே. அவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கதவுகளைத் திறந்து மூடிய பழக்கமோ என்னவோ, மூடியிருக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும்.

வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பரணில் வைத்தது என் யோசனை. ஒரு விசிறி வெளிக்காற்றை வடிகட்டியின் வழியே இழுத்து அறைகளுக்குள் தள்ளும். இன்னொரு விசிறி சமையலறை, குளியலறைக் காற்றை உறிஞ்சி வெளியே விடும். ஜன்னலுக்கு வேலையே இல்லை. ரோஸ்வித்தா சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு.

"என்ன வேணா பண்ணுங்க வாத்தியாரே. என் அடுப்ப மட்டும் தொடாதீங்க."

அடுப்பு என்று அவர் சொன்னது கூடத்தில் இருந்த இரும்பு விறகடுப்பு. சுத்தமான காற்றுக்காக இயந்திரம் வைத்த வீட்டுக்குள் விறகு எரிப்பதை எந்தச் சொல்லால் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதை "குளிருக்கு இதமா இருக்கும்" என்றார்.

வடிகட்டி விஷயத்தில் மனிதர்கள் காட்டும் அசட்டை வியப்பானது. கடைக்காரன் கொடுத்ததைச் செருகிவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று இருந்துவிடுவார்கள். பல்லையும் வருடத்துக்கு ஒருமுறைதான் தேய்ப்பார்களோ என்னவோ. நான் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். கறுத்து ரோமம் படர்ந்தது போலிருந்த பழையதை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்து, அந்தப் படத்தை மாடிப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன், மற்றவருக்கும் அறிவு வரட்டும் என்று. மறுநாள் அதன் கீழே ரோஸ்வித்தாவின் கையெழுத்தில், "யார் வீட்டு நாய் இது?" என்று எழுதியிருந்தது.

என் மனைவி போனதும் அந்தக் காலத்தில்தான். மூச்சு முட்டுகிறது என்றாள். படுக்கையறை அளவீட்டைக் காட்டினேன், கன மீட்டருக்கு நான்கு மைக்ரோகிராம் தூசி. அவளால் அந்த எண்ணை மறுக்க முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

நான்கு எனக்கும் திருப்தியாக இல்லை. போன அக்டோபரில், அறுவை சிகிச்சை அறைகளுக்குப் போடும் அடர்த்தியான வடிகட்டி ஒன்றை வரவழைத்தேன். அது எங்கள் இயந்திரத்துக்கு உரிய அளவு இல்லை. ஒட்டுப்பலகையில் நானே சட்டம் அறைந்து பொருத்தினேன். எண் ஒன்றுக்கு இறங்கியது. அந்த வாரம் நான் மிக நன்றாகத் தூங்கினேன்.

அடர்த்தியான வடிகட்டி வழியே காற்று கஷ்டப்பட்டுத்தான் வரும் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். உள்ளே வருவது குறைந்தது. வெளியே உறிஞ்சுவது குறையவில்லை. அப்படியானால் வீடு பசியோடு இருக்கும். எந்த ஓட்டை கிடைத்தாலும் அதன் வழியே காற்றை இழுக்கும். கீழ்த்தளத்தில் இருந்த பெரிய ஓட்டை ரோஸ்வித்தாவின் புகைபோக்கி. இதற்காகவே சட்டப்படி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு காவல் கருவி வைத்திருந்தார்கள். அறையில் அழுத்தம் குறைந்தால் அது பரணில் உள்ள இயந்திரத்தை நிறுத்திவிடும். நவம்பரில் அவர் அடுப்பு மூட்டும்போதெல்லாம் என் இயந்திரம் நின்றது. ஒரு கிழவியின் விறகுக்கட்டை என் வடிகட்டிக்கு உத்தரவு போட்டது. பரணில், அந்தக் கருவியின் கம்பி வந்து சேரும் இடத்தில், ஆறு சென்டிமீட்டர் செம்புக் கம்பியால் ஓர் இணைப்புக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கருவி சொன்னாலும் இயந்திரம் நிற்கவில்லை.

அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளியது. கூடத்தில் லேசாகப் புகை வாசம் வந்ததும் ரோஸ்வித்தா ஜன்னலைத் திறந்துவிடுவார். வீட்டின் பசி அந்த வழியே அடங்கிவிடும். இது எனக்கு அப்போதே தெரியும். பதினோராம் வகுப்புப் பாடம்.

ஜனவரியில் புகைபோக்கி சுத்தம் செய்யும் யூலே ராப் வந்தாள். கறுப்பு உடுப்பு, பித்தளைப் பொத்தான்கள், கன்னத்தில் கரி. ரோஸ்வித்தா வழக்கம்போல் அவளுடைய பொத்தானைத் தொட்டுக் கும்பிடாத குறையாக நின்றார், தொட்டால் அதிர்ஷ்டமாம். இந்த நூற்றாண்டில். யூலே மாடிப்படியில் நின்று என்னைக் கேட்டாள்.

"சார், பரண்ல ஏதாச்சும் மாத்துனீங்களா? புகைபோக்கி இழுவை சரியில்ல."

"சுத்தமாக்கினேன்."

"சுத்தம் இருக்கட்டும் சார். அடுப்பு எரியுற வீடு இது. அடுத்த மாசம் அளக்குற பெட்டியோட வரேன், அதுவரைக்கும் ஜன்னல மூடி வைக்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

போகும்போது ரோஸ்வித்தாவிடம் வெண்ணிறத்தில் உள்ளங்கை அளவு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கொடுத்தாள், விறகுப் புகையின் விஷவாயு வந்தால் அலறும் என்று. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள் எனக்கு ஜன்னலைப் பற்றிப் பாடம் எடுத்தாள்.

பந்தயம் அந்த மாலை பிறந்தது. ரோஸ்வித்தா மாடிப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரம் கூட்டுவது அவர் முறை, முறையைக் காட்டும் பலகை அவர் கதவில் தொங்கியது.

"ரெண்டு வாரம் ஜன்னலைத் திறக்காம இருந்து பாருங்க. உங்களுக்கே வித்தியாசம் தெரியும்" என்றேன்.

"என் கை சும்மா இருக்காதே வாத்தியாரே. அது பாட்டுக்குப் போய்த் திறந்துடும்."

"பூட்டுப் போட்ட கைப்பிடி மாத்தித் தரேன். சாவி என்கிட்ட இருக்கும்."

அவர் துடைப்பத்தின் மேல் சாய்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு மூன்றாவது வீடு வரை கேட்கும்.

"சரி. ரெண்டு வாரம் தாக்குப் பிடிச்சேன்னா ஆப்பிள் கேக் சுட்டுத் தரேன், நீங்க சொன்னது சரின்னு ஊர் பூரா சொல்றேன். முடியலன்னா இந்தத் துடைப்பக் கட்டையால கூரைய மூணு தட்டு தட்டுவேன். சாவியோட ஓடி வரணும். அப்புறம் தெனம் காலைல ஏழு மணிக்கு நீங்க பைஜாமாவோட ஜன்னலத் திறந்து அஞ்சு நிமிஷம் நிக்கணும். தெரு பாக்கணும்."

"மூன்று தட்டு" என்று நான் திருப்பிச் சொன்னேன். நிபந்தனைகளைத் தெளிவாக வைத்துக்கொள்வது என் பழக்கம்.

யூலே சொன்னதை நினைவுபடுத்தினார். "அவள் அடுப்புக் கரியைச் சுரண்டுகிறவள்" என்றேன். அவர் என்னை நம்பினார். நான் ஆசிரியன். அந்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அவர் ஜன்னல்களைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் வெயில் அடித்தது, அடுப்புக்கு வேலை இல்லை. இரண்டாம் வாரம் வியாழக்கிழமை உறைபனி விழுந்தது, அவர் அடுப்பு மூட்டினார். வெள்ளிக்கிழமை படியில் பார்த்தபோது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலை கனக்குது வாத்தியாரே. குமட்டுது."

"உடம்புக்குச் சுத்தக் காற்று பழகலை. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

சனிக்கிழமை மதியம் கருவி அலறியது. அதை அவரே கையில் எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். என் சமையலறைக்குள் கொண்டுவந்ததும் அது அமைதியானது. அதாவது, அது பழுதாகவில்லை. இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் முழுமைக்காக எழுதுகிறேன்.

"பாட்டரி போயிடுச்சு. மாத்தித் தரேன்" என்றேன்.

"மறந்துடாதீங்க. யூலே திட்டுவா."

பாட்டரிகளைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். நீங்கள் அவற்றைக் கண்டெடுத்தபோது அவற்றில் முழுச் சக்தி இருந்தது என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. சரிதான். பந்தயம் முடிய ஒரு நாள் கூட இல்லை. பதின்மூன்று நாளுக்குப் பிறகு ஒரு பொம்மை அலறியதற்காக இருவரும் விட்டுக்கொடுப்பது எப்படி நியாயமாகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் போனில் அவர் கூடத்தின் தூசி அளவு ஏறத் தொடங்கியது. நானே அங்கே ஓர் அளவி வைத்திருந்தேன். முப்பத்தெட்டு. தொண்ணூறு. அவர் அடுப்பு மூட்டியிருக்கிறார் என்று புரிந்தது. இருநூற்றுப் பத்து. புகைபோக்கி வழியே மேலே போக வேண்டிய புகை கூடத்துக்குள் வருகிறது என்றும் புரிந்தது. தூசி வந்தால் கூடவே வேறு என்ன வரும் என்று ஓர் இயற்பியல் ஆசிரியனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காப்பி போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். சாவி சட்டைப் பையில் இருந்தது. இப்போது அவருக்கே தெரிந்திருக்கும், அழுக்கு எங்கேயிருந்து வருகிறதென்று. அவர் வாயால் வரட்டும் என்று நினைத்தேன்.

பத்தரைக்கு என் காலடியில் தட்டும் ஓசை கேட்டது. துடைப்பக் கட்டை. ஒன்று.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அது மெதுவாக இருந்தது.

நான் எழுந்து நின்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுந்து நின்றேன். மூன்றாவது தட்டலுக்காகக் காத்திருந்தேன். நிபந்தனை மூன்று. ஞாயிற்றுக்கிழமை வேறு, எங்கள் ஊரில் அழைக்காமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அவ்வளவு நேரமும் காப்பியை முடிக்கவில்லை.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, பதினான்கு நாள் முடிந்ததும், கீழே போனேன். கதவு பூட்டியிருக்கவில்லை. அவர் ஜன்னலுக்குக் கீழே, கைப்பிடியைப் பிடித்திழுத்த நிலையிலேயே சரிந்து, மூச்சின்றிக் கிடந்தார். துடைப்பம் பக்கத்தில். மேசையின் மேல் ஆப்பிள் கேக், துணி போட்டு மூடி, அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு: "ஜெயிச்சுட்டீங்க வாத்தியாரே." முந்தின நாளே எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் இந்தச் சீட்டைச் சான்றாக எடுத்துக்கொண்டீர்கள். பிரதி ஒன்று கேட்டிருந்தேன், இன்னும் வரவில்லை.

தீயணைப்புக்காரர்கள் என்னிடம் சாவி கேட்கக் கூட நிற்காமல் மூன்று கண்ணாடிகளை உடைத்தார்கள். எல்லாம் மூன்றடுக்குக் கண்ணாடி. யூலேயும் வந்திருந்தாள், தேவாலயத்துக்குப் போகும் உடுப்பில், பொத்தான் எதுவும் இல்லாமல்.

"சாவி எங்க சார் இருந்துச்சு?"

"சட்டைப் பையில்."

அவள் என் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். வாதாட அவளிடம் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆக, கம்பியை இணைத்தது நான். ஜன்னல்களைப் பூட்டியது நான். கருவியின் வாயை அடைத்தது நான். அவர் மூச்சுக்குத் தவிக்கும்போது தலைக்கு மேலே இரண்டரை மீட்டர் தூரத்தில் சாவியோடு நின்றதும் நான். தெரிந்தேதான் நின்றேன். எதையும் மறுக்கவில்லை. பந்தயத்தில் ஜெயித்ததும் நான்தான் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். சீட்டு உங்களிடமே இருக்கிறது.

இன்னொரு சிறு விவரம். எதிர்வீட்டுக்காரர் உங்களிடம் ஏதோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கண்ணாடி உடைந்த பிறகு கீழ்த்தளத்தில் வெளிக்காற்று தாராளமாக வருகிறது. அதனால் மேல்தளத்தின் அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் காலை ஏழு மணிக்குக் கூடத்து ஜன்னலை முழுக்கத் திறக்கிறேன். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மூடிவிடுகிறேன். பைஜாமாவோடு நிற்பது, அந்த நேரத்தில் வேறு உடுப்புப் போட்டிருக்க மாட்டேன் என்பதால் மட்டுமே.