கடைசிக் காம்பரா

மழைக்காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் துணி காய்வதுதான் பெரிய பாடு, ஐயா. மற்றபடி மழைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

லயத்துக்கு மேலே தேயிலை மலையில் வெடிப்பு விட்டிருந்தது உண்மை. தோட்டத் தலைவர் என்ற முறையில் அதன் இரு பக்கமும் முளை அடித்துக் கயிறு கட்டியவன் நான்தான். கயிறு விறைத்தால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று காலை விறைத்துவிட்டது. கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் கிளப்பினேன்.

கடைசிக் காம்பராவில், அந்த ஓரத்து அறையில், வேலாயி அக்கா. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். மகன் கிஷாந்த் கொழும்பில் கடையில் நிற்கிறான். மருமகள் சர்மிளா கைக்குழந்தையோடு தவித்துக்கொண்டிருந்தாள்.

"நீ புள்ளைய தூக்கிட்டு போம்மா. அக்காவ நான் தூக்கிட்டு வாறேன்" என்றேன். நம்பிப் போனாள்.

பக்கத்துத் தோட்டத்தில் மலை சரிந்து ஆட்கள் செத்தபிறகுதான் அங்கே மிஞ்சியவர்களுக்குத் தனி வீடு வந்தது. எங்கள் மலையைப் பார்க்க வந்த அதிகாரிகள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளில்லாத லயம் விழுந்தால் கூரைக்குத் தறப்பாளும் அரிசியும் தருவார்கள், அவ்வளவுதான். ஒரு ஆளாவது உள்ளே இருக்க வேண்டும். பிள்ளைக்காரிகளை விட்டுவைக்க முடியுமா?

ஆனால் மழை விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகலாமென்று முணுமுணுத்தார்கள். சர்மிளா மாமியார் எங்கே என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு மலை ஏறினேன். மழைத்தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் கான் இன்னும் நிறைந்துதான் ஓடியது. அதை மண் போட்டு அடைத்து, வெடிப்புப் பக்கம் வெட்டிவிட்டேன். தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. கயிறு என் கண் முன்னால் அறுந்தது.

ஓரமாக இறங்கி வரும்போது அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, வந்துட்டியா?"

அழுதேன், மறைக்கவில்லை. பதில் சொல்லவில்லை, சொன்னால் வீணாகப் பயந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் மலை வந்து லயத்தை மூடிவிட்டது. மற்ற எல்லாரும் பிழைத்தார்கள்.

புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அந்த வரிசைக்கு அக்காவின் பெயரை வைக்கச் சொன்னதே நான்தான்.

மண்ணைத் தோண்டியபோது கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டபடி கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். போட்டது நான்தான். குளிர்காற்று அக்காவுக்கு ஆகாது, ஐயா.