ரசவாளி யோசனை

1. துடியலூரில் அக்காவும் தங்கையும் பஸ் ஏறி, என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.
2. தங்கை அரை இட்லியைக் கவுண்டம்பாளையம் வரும்வரை மென்றார்.
3. "வயிறு ரொம்பிப்போச்சுங்கக்கா" என்று டப்பாவை மூடினார்.

தங்கைக்கு எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கிய ஆபரேஷன். ஆகி இரண்டு மாதமாம்.

"ஊட்டுக்காரரைத் தவிர அங்க ஒருத்தருக்கும் தெரியாதுங்க. நாளைக்குக் கோபியில நடக்குற கல்யாணத்துல எலையில சோறு மிச்சம் வெச்சா மாமியா சும்மா உடுவாங்களா?"

"நீ ரசவாளியைக் கையில எடுத்துக்க அம்மணி. பரிமாறுறவளை ஆரும் உக்காருன்னு சொல்லமாட்டாங்க."

"கடைசிப் பந்தியில உக்கார வெச்சுப்போடுவாங்களே!"

"அதுக்குள்ள பாதி ஐட்டம் தீந்துபோயிரும்."

"ஏன் இப்படி எளைச்சுப்போயிட்டேன்னு கேட்டா?"

"ஓடி ஓடிப் பரிமாறுனேன்னு சொல்லு."

இருவரும் சிரித்ததில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

காந்திபுரத்தில் இறங்கும்போது நிலவரம் இதுதான்: ஆபரேஷன் இன்னும் ரகசியம். நாளைய பந்தியில் ரசம் தங்கையின் பொறுப்பு.